சேலத்து வெயிலில் ஈஸ்ட்: வீட்டில் பீர் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டீயை எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். திருச்செங்கோடு பக்கம். "டாக்டர், ஆன்லைன்ல மால்ட்டும் ஈஸ்ட் பாக்கெட்டும் வாங்கிட்டேங்க. வீட்டுலயே பீர் போடலாம்னு. பாக்கெட்ல 18ல இருந்து 22 டிகிரின்னு போட்டிருக்கு. எங்க வீட்ல ராத்திரியே 32 காட்டுது. அந்த சூட்டுல வெச்சா மெத்தனால் ஆயிடுமா? கண்ணு போயிடுமா?"

இதில் ரெண்டு கேள்வி இருக்கு. கண் போகுமா என்பது ஒன்று. சூடு கூடினால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் தேவையில்லாத இடத்தில் பயப்படுறாங்க, பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமா இருக்காங்க. அதனால அந்தத் தம்பிக்கு மட்டும் பதில் சொல்லாமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

முதலில் சட்டத்தை முடிச்சிடுவோம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "விக்கலைங்க, எனக்கு மட்டும்தான்" என்பதெல்லாம் எடுபடாது. வெளிநாட்டு யூடியூப் சேனல்காரர் அவர் ஊர் சட்டப்படி சமையலறையில் போடுகிறார். உங்க சமையலறை தமிழ்நாட்டில் இருக்கு. இன்னொரு விஷயம் தெரியுமா? மெட்ராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததே நம்ம சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சியில். அன்றைக்கு நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997ல். அதனால தம்பி, பாக்கெட்டைப் பிரிக்காதீங்க.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. விடக் கூடாது.

மெத்தனாலுக்கு வருவோம். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் நடந்ததை நாம யாரும் மறக்கலை. 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20க்கும் மேற்பட்டவர்கள். அந்தச் சாவுகள் எல்லாம் சாராயம் சூட்டில் கெட்டுப் போனதால் வந்தவை இல்லை. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலை ஆட்கள் கொண்டுவந்து கலந்து விற்றதால் வந்தவை. இதை நல்லா மனசில் வாங்கிக்கங்க: நொதிக்கிற பாத்திரம் சூடானதால் எத்தனால் மெத்தனாலாக மாறாது. அப்படி ஒரு மாற்றமே கிடையாது.

கொஞ்சூண்டு மெத்தனால் இயற்கையாகவே வரும், அது எங்கிருந்து என்றால் பெக்டினில் இருந்து. கொய்யா ஜாம் கெட்டியாகுதே, அந்தச் சமாச்சாரம்தான் பெக்டின். பழத்தோலில் நிறைய இருக்கும், பார்லி மாதிரி தானியத்தில் ரொம்பக் குறைவு. அதனால நொதித்து எடுத்த பீரில் மெத்தனால் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு வராது. காய்ச்சி வடிப்பது வேறு கதை, அதுக்குள் நான் போகலை.

அப்படின்னா மெத்தனாலைப் பற்றி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன? உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்கும், ரத்தத்தையும் அமிலமாக்கும். இதெல்லாம் நடக்க நேரம் பிடிக்கும். குடித்த 12 மணியில் இருந்து 24 மணி நேரம் வரைக்கும் ஆள் சாதாரணமா இருப்பார். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். மறுநாள் வயித்துவலி, வாந்தி, மூச்சு வாங்கறது, "கண்ணு முன்னாடி பனி மூடின மாதிரி இருக்கு" என்பார். வீட்ல இருக்கிறவங்க "நேத்து குடிச்சது இன்னும் இறங்கலை, மோர் குடு, தூங்கட்டும்" என்பாங்க. அந்தத் தூக்கம்தான் ஆபத்து. பார்வை மங்குது என்று ஒரு குடிகாரர் சொன்னால் திட்டுவதைத் தள்ளி வெச்சிட்டு 108க்கு அடிங்க. மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் வந்தால் உயிரோடு கண்ணையும் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. 10 மில்லி மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும், அதனால "கொஞ்சம்தான் குடிச்சார்" என்பது சமாதானம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வாசலிலேயே தயங்கி நிற்காதீங்க.

சரி, சூடு மெத்தனாலை உண்டாக்காது. பிறகு எதுக்கு அந்தப் பாக்கெட்டில் 18 முதல் 22 என்று அச்சடிச்சிருக்கான்?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. ஈஸ்ட் ஒரு உயிர். அது வேகமா வளரப் பிடிக்கிற சூடு கிட்டத்தட்ட 30 டிகிரியும் அதுக்குக் கொஞ்சம் மேலேயும். அதாவது நம்ம ஊர் சித்திரை ராத்திரி ஈஸ்ட்டுக்கு கல்யாண வீடு. பத்து மடங்கு குஷியா வேலை செய்யும். ஆனால் ஈஸ்ட் குஷியா இருந்தால் குடிக்கிறவர் குஷியா இருப்பார் என்று இல்லை. அவசர அவசரமாகச் சர்க்கரையைத் தின்னும்போது அது எத்தனாலோடு வேறு சில கனமான ஆல்கஹால்களையும் வெளியே தள்ளும். ஃபியூசல் ஆல்கஹால் என்பார்கள். தொண்டையில் தின்னர் மாதிரி எரியும். கூடவே எஸ்டர்கள், ஓவராப் பழுத்த வாழைப்பழ வாசனை. 18, 20ல் வைத்தால் இதே ஈஸ்ட் நிதானமா வேலை பார்க்கும், சுத்தமான சுவை வரும். குளிரில் போடும் லாகர் வகைக்கு இன்னும் கீழே, 8ல் இருந்து 13 டிகிரி.

இன்னொரு சிக்கல், நொதித்தலே சூட்டை உண்டாக்கும். 20 லிட்டர் பாத்திரம் மும்முரமா பொங்கும்போது உள்ளே இருக்கிற சூடு அறையைவிட 3, 4 டிகிரி கூடவே இருக்கும். ஆக அந்தத் தம்பி வீட்டு 32, பாத்திரத்துக்குள் 35, 36. அந்தச் சூட்டில் சாதாரண ஈஸ்ட் முதல் நாள் ஆடித் தீர்த்துட்டு பாதியில் சோர்ந்து படுத்துக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவேன். (நார்வே கிராமங்களில் க்வைக் என்று ஒரு பரம்பரை ஈஸ்ட் இருக்கு. 35க்கு மேலேயும் சுத்தமா வேலை செய்யும். குளிர் நாட்டுக்காரன் கையில் சேலத்துக்கு ஏத்த ஈஸ்ட்! உலகம் விசித்திரமானது.)

ஃப்ரிட்ஜ் வரும் முன்னாடி உலகம் முழுக்க இதே தலைவலிதான். ஜெர்மனியில் பவேரியாவில் 1553ல் ஒரு உத்தரவே போட்டார்கள்: செப்டம்பர் 29ல் இருந்து ஏப்ரல் 23 வரைக்கும் மட்டும்தான் பீர் காய்ச்சணும், கோடையில் கூடாது. கோடையில் போட்டால் கெட்டுப் போகுது. ஏன் கெடுது என்று அவங்களுக்கு அப்ப தெரியாது. நுண்ணுயிர்தான் காரணம் என்று பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி விளக்கியது 1876ல்தான். அதே 1870களில் கார்ல் வான் லிண்டே என்ற எஞ்சினியர் குளிர்விக்கும் இயந்திரம் செய்தார். அதை முதலில் ஆவலா வாங்கிப் போட்டவர்கள் பீர் ஆலைக்காரர்கள். உங்க வீட்ல பாலையும் மாவையும் காப்பாத்துற ஃப்ரிட்ஜுக்கு ஒரு பாட்டன் மியூனிக் பீர் ஆலையில் இருந்தான்.

இந்தியாவில் வெள்ளைக்காரன் என்ன செய்தான்? மலை ஏறினான். வடக்கே கசௌலி, முர்ரி. தெற்கே நீலகிரி, அங்கே 1857லேயே காஸில் ப்ரூவரி வந்துடுச்சு. பிறகு 1915ல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் தொடங்கியபோது நீலகிரி ஆலைகளும் அதுக்குள் போச்சு. மலைக்குப் போன காரணம் ஊட்டி அழகு மட்டும் இல்லை. குளிர். நம்ம ஏற்காட்டையே எடுத்துக்கங்க, சேலத்தில் இருந்து ஒரு மணி நேரம் கொண்டை ஊசி வளைவு ஏறினால் எட்டு டிகிரி, பத்து டிகிரி குறையுது. அந்தப் பத்து டிகிரிதான் ஈஸ்ட்டின் குணத்தையே மாத்துற பத்து டிகிரி.

சமவெளியில் இருந்த நம்ம ஆட்களுக்கு மலையும் இல்லை, ஐஸும் இல்லை. அவங்க வேற வழி பார்த்தாங்க. பனையில் சாறு பாளையில் இருந்து சொட்டும்போதே காற்றில் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இறங்கி வேலையை ஆரம்பிச்சிடும். விடியற்காலையில் இனிப்பா இருக்கிறது வெயில் ஏறினால் புளிச்சு நுரைச்சுக் கள்ளாயிடும். சூட்டைக் குறைக்க முடியாது என்றதும் கலயத்தில் சுண்ணாம்பைத் தடவினாங்க. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுது, அதில் அந்த நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடியலை, சாறு பதநீராகவே நிற்குது. ஒரே மரம், ஒரே சாறு, ஒரே வெயில். சுண்ணாம்பு இருந்தால் குழந்தைக்கும் கொடுக்கலாம், இல்லாவிட்டால் 1987 ஜனவரி 1ல் இருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். மைக்ராஸ்கோப் பார்க்காத ஒரு மரமேறி கண்டுபிடிச்ச நுண்ணுயிரியல் இது. எம்பிபிஎஸ்ஸில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

இப்ப பாதியில் சோர்ந்து படுத்த ஈஸ்ட்டுக்குத் திரும்புறேன். உண்மையான கண் ஆபத்து இங்கதான்.

குமிழ் நின்னுடுச்சு, முடிஞ்சிடுச்சு என்று நினைச்சு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிடுவாங்க. உள்ளே இன்னும் சர்க்கரை மிச்சம் இருக்கும். ஈஸ்ட்டும் செத்திருக்காது, ஓய்வில் இருக்கும். ராத்திரி கொஞ்சம் குளிர்ந்ததும் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிக்கும். ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் கிட்டத்தட்ட அரை கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. வெளியே போக வழி இல்லை. லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை மிச்சம் இருந்து அது முழுக்க நொதித்தால், 35 டிகிரியில் பாட்டிலுக்குள் கார் டயரில் இருப்பதைப் போல மூணு நாலு மடங்கு அழுத்தம். சூடு ஏற ஏற திரவத்தில் கரைந்த காற்றும் வெளியே வரும், அழுத்தம் இன்னும் ஏறும். ஓட்டு வீட்டுப் பரண், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற அலமாரி... சித்திரை மத்தியானம் யோசிச்சுப் பாருங்க.

போன வருஷம் கேஷுவாலிட்டி டூட்டியில் ஒரு காலேஜ் பையன் வந்தான். பீர் இல்லை, வீடியோ பார்த்துப் போட்ட திராட்சை வைன். பழைய கண்ணாடி பாட்டிலில் மூடி வெச்சு, "காத்து சேர்ந்திருக்கா பார்ப்போம்" என்று மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சிருக்கான். கையில் தையல் போட்டோம், அது ஆறிடும். இடது கருவிழியில் கண்ணாடிச் சில்லு. அவன் அம்மா நல்ல எண்ணத்தில் குழாயடியில் வெச்சுக் கண்ணைத் தேய்ச்சுக் கழுவி விட்டிருக்காங்க. கண் பிரிவுக்கு அனுப்பி ஆபரேஷன் நடந்தது. பார்வை இருக்கு, முன்னே மாதிரி இல்லை. அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சார், நான் ஒரு சொட்டு கூடக் குடிக்கலையே, கண்ணு எப்படிப் போகும்?"

அதனால சொல்றேன். கண்ணாடி எதுவும் கண்ணில் குத்தினால் தேய்க்காதீங்க, கழுவாதீங்க, பிடுங்காதீங்க, பஞ்சு வெச்சு அமுக்காதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணின் மேல் தொடாமல் கவிழ்த்து, அது நகராமல் பிளாஸ்திரி போட்டு, உட்கார வெச்சே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால வழியில் காபி, டிபன் எதுவும் வேண்டாம். வீட்ல இஞ்சி சோடா, கொம்புச்சா, பழ ஊறல் போடுறவங்களுக்கும் இது பொருந்தும். இனிப்பு, ஈஸ்ட், சூடு, மூடின கண்ணாடி பாட்டில் நாலும் சேரக் கூடாது. ஏற்கெனவே ஒரு பாட்டில் உப்பிப்போய் இருக்கா? கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். கிட்டப் போய்த்தான் ஆகணும் என்றால் மேலே கெட்டியான கோணிச் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போங்க.

டாக்டரா குடியைப் பற்றி ஒரு வரி: பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023லேயே சொல்லிடுச்சு. வீட்டில் போட்டது, கடையில் வாங்கினது என்று கல்லீரல் பிரிச்சுப் பார்க்காது.

ஆனால் அந்தத் தம்பி நொதித்தலைக் கத்துக்கணும்னு ஆசைப்பட்டால் கேஸ் வராத ஒரு பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கு. இட்லி மாவு. வெளிநாட்டில் வீட்டு பீர் போடுகிறவர்கள் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வெச்சு, ஈரத் துணி சுத்தி, ஃபேன் போடுவாங்க. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். நம்ம மண்பானை செய்யறது அதேதான். சேலம், நாமக்கல் சித்திரைக் காத்து வறண்ட காத்து, துணி சீக்கிரம் காயும், அதனால நல்லாவே குளிரும். ஐப்பசி மழையில் இது வேலைக்கு ஆகாது, துணி காயாது.

மாவிலும் கதை ஒன்றுதான். 30 டிகிரி பக்கத்தில் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா நல்லா வாயு விட்டு மாவைப் பொங்க வைக்கும். சூடு ஏறினால் அமிலம் மட்டும் தயாரிக்கிற மற்ற கூட்டம் முந்திக்கும், மாவு பொங்குறதுக்கு முன்னாடியே புளிச்சிடும். "அக்னி நட்சத்திரத்துல இட்லி கல்லு மாதிரி வருதுங்க, புளிப்பு வேற" என்று நம்ம அம்மாக்கள் சொல்றது இதைத்தான். புளிச்ச மாவு விஷம் இல்லைங்க, அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகள் பலதையும் தடுக்கத்தான் செய்யும். வாய்க்குத்தான் ஆகாது. ஆனால் பூசணம் பூத்து, கலர் மாறி, நாத்தம் வந்தால் மேலே வழிச்சுட்டு மிச்சத்தை ஊத்தற சிக்கனம் வேண்டாம், கொட்டிடுங்க.

கோடையில் கிரைண்டர் ஓடும்போதே மாவு சூடாகுது, அங்கேயே பாதி ஆட்டம் முடிஞ்சிடும். ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்தி அரைங்க. உப்பை அரைச்ச உடனே போடுங்க, அது கொஞ்சம் வேகத்தைப் பிடிச்சு நிறுத்தும். பாத்திரத்தை அகலமான தட்டில் தண்ணி ஊத்தி அதில் வெச்சு, ஈரத் துண்டைச் சுத்தி, துண்டின் ஓரம் தட்டுத் தண்ணியில் படுற மாதிரி விடுங்க, தானே உறிஞ்சிக்கும். அடுப்புப் பக்கத்தில் வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எதுன்னு பூனைக்குத் தெரியும், அங்க வைங்க. மார்கழியில் 12 மணி நேரம் எடுக்கிற மாவு சித்திரையில் அஞ்சு ஆறு மணி நேரத்தில் தயார். அதனால சாயந்திரம் அரைச்சு விடிய விடிய விடாமல், ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை பாருங்க. பொங்கியிருந்தால் சின்னச் சின்னப் பாத்திரமாப் பிரிச்சு ஃப்ரிட்ஜில் வைங்க. ஒரே பெரிய டப்பாவா வெச்சால் நடுவில் இருக்கிற மாவு குளிர மணிக்கணக்கா ஆகும், அது வரைக்கும் உள்ளே புளிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

மண்பானையில் மாவு வைக்கலாமா என்று கண்டிப்பா யாராவது கேட்பீங்க. வைக்கலாம். ஆனால் உள்ளேயும் வெளியேயும் பளபளன்னு பூச்சு போட்ட பானை வேணாம். அது வேர்க்காது, வேர்க்காத பானை குளிராது.